மழைக்கு முன் களத்தைக் கூட்டு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. 

சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் படிப்பை முடித்த கையோடு ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் ஷிப்ட் பொறுப்பாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மாதிரித் தரையில் நின்றவன் நான். மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட இன்றைக்கு உனக்கு அதிகம் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தரையைப் பற்றியும், கம்பெனி முற்றத்தின் ஓரத்தில் ஓடும் மழைநீர் வடிகாலைப் பற்றியும் மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லாததால் நான் செய்த தப்பை நீ செய்யக் கூடாது.

நம் ஊர்க் களத்துமேட்டை நீ பார்த்ததில்லை. நெல் காய்ந்துகொண்டிருக்கும்போது மேற்கே வானம் இருண்டால் போதும், யாரும் யாருக்கும் ஆள் விட மாட்டார்கள். வீட்டிலிருப்பவர்கள், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் ஓடிவந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள். குவித்த பிறகும் உன் கொள்ளுப்பாட்டி தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு களத்தின் வெடிப்புகளில் கிடக்கும் மணியைக் கூட்டுவாள். முதல் தூறல் அவள் முதுகில் விழும்போது களத்தில் ஒரு மணி இருக்காது. அந்தக் குடும்பத்தில் பிறந்த நான், தொழிற்சாலையில் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன்.

ஓர் ஐப்பசி மாதம். மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். சாயங்காலம் லாரியிலிருந்து இறக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் முள் ஒரு மூட்டையைக் கிழித்துவிட்டது. முற்றமெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை. "கூட்டிக்கிட்டு இருக்க நேரமில்லை, தண்ணி அடிச்சு விடுங்கப்பா" என்று சொன்னது நான்தான். பையன் ஹோஸைத் திறந்தான். குருணைகள் வரிசையாக மிதந்துபோய் வடிகாலின் கம்பி மூடிக்குள் விழுந்தன. பத்தே நிமிஷத்தில் முற்றம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆய்வுக்கு வந்தவர்கள் சுத்தத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். கடல் ஒதுக்கிய குப்பைக் கோட்டில் சிப்பிக்கும் பாசிக்கும் நடுவே மஞ்சளேறிய குருணைகள் கிடந்தன. கையில் எடுத்தவுடன் தெரிந்துவிட்டது, நாள் முழுக்கக் கையாளும் பொருள் அல்லவா. அது நாங்கள் விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்தக் கம்பெனியின் பெயரும் அதில் இல்லை. அன்றிலிருந்து அந்த ஹோஸ் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

நாம் தரையில் "மெட்டீரியல்" என்று சொல்லும் இந்தக் குருணை பருப்பளவுதான், 2 முதல் 5 மில்லிமீட்டர். ஒன்றின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கிலோவில் 50 ஆயிரம். 25 கிலோ மூட்டை ஒன்றில் 12 லட்சத்துக்கும் மேல். ஒரு கைப்பிடி சிந்தினால் அது 50 கிராம்தான், ஆனால் 2,500 குருணை. இப்போது இன்னொரு கணக்குப் போட்டுப் பார். ஒரு கம்பெனியில் நாளுக்கு 100 கிராம் மட்டும் வெளியே போகிறது என்று வைத்துக்கொள். வருஷத்தில் 300 வேலை நாளுக்கு 30 கிலோ. கிலோ நூறு ரூபாய் என்றாலும் மூவாயிரம் ரூபாய். எந்த முதலாளியும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் வாய்க்காலுக்குப் போனது 15 லட்சம் குருணை. கணக்குப் புத்தகத்தில் தெரியாத அளவுக்குச் சின்ன நஷ்டம், ஆற்றுக்கு மிகப் பெரிய பாரம். இந்தப் பிரச்சினை இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

சாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஒன்றல்ல என்பது நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. கழிவுநீர்க் குழாயில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்காவது போய்ச் சேரும். மழைநீர் வடிகாலுக்கு அப்படி ஓர் இடைநிலையம் கிடையாது. சென்னையில் அது நேராகக் கூவத்துக்கோ, அடையாற்றுக்கோ, கொசஸ்தலையாற்றுக்கோ, பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போய், அங்கிருந்து கடலில் விழுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனி கேட்டிலிருந்து கிளம்பி, அந்த வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று நடந்தே பார்த்துவிட்டு வா. முற்றத்தின் ஓரத்திலேயே ஆறு தொடங்குகிறது என்பது அப்போது உனக்குப் புரியும்.

"நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது" என்பார்கள். குருணை முற்றத்தில் கிடக்கும்வரை நெல். வடிகாலில் விழுந்துவிட்டால் சொல். அள்ள முடியாது என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. அதில் 87 கண்டெய்னர்களில் ஏறத்தாழ 1,680 டன் குருணை இருந்தது. இலங்கையின் மேற்குக் கரையில் மணலே தெரியாதபடி அது வந்து ஒதுங்கியது. ஆட்கள் பாதுகாப்பு உடையோடு மண்டியிட்டு மணலைச் சல்லடையில் சலித்தார்கள். சலித்த இடத்திலேயே அடுத்த அலை மறுபடி கொண்டுவந்து போட்டது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது நம் கன்னியாகுமரிக் கரைக்கும் குருணை வந்தது. கரைமணலில் அதைப் பொறுக்குவது எவ்வளவு பாடு என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கப்பல் மூழ்கினால் பத்திரிகையில் வரும், வழக்கு நடக்கும், நஷ்டஈடு பேசுவார்கள். முற்றத்திலிருந்து தினமும் நூறு கிராம் போனால் எங்கும் வராது. இது நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. 1972-லேயே அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் வலை வீசிய ஆய்வாளர்கள் எட்வர்ட் கார்ப்பென்டரும் கே.எல். ஸ்மித்தும் அதில் பிளாஸ்டிக் துகள்களும் குருணைகளும் சிக்கியதை எழுதிவைத்தார்கள். மீன் முட்டையைப் போலிருக்கும் குருணையைக் கடற்பறவைகளும் மீன்களும் இரையென்று விழுங்குகின்றன. ஜப்பானின் ஹிதேஷிகே தகாடா உலகெங்குமுள்ள கடற்கரைகளிலிருந்து குருணைகளை வரவழைத்துச் சோதித்துவருகிறார். கடல்நீரில் கலந்து கிடக்கும் பி.சி.பி., டி.டி.டி. போன்ற நஞ்சுகளை இந்தக் குருணை தன்மேல் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது என்பது அந்த ஆய்வுகளில் தெளிவானது. நம் கையிலிருந்து போகும்போது சுத்தமான பொருள்தான். நாள் கழித்து ஒரு மீனின் வயிற்றுக்குப் போகும்போது அப்படி இல்லை.

யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்த ஒரு பெரிய கம்பெனியின் கதையையும் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாயிண்ட் கம்ஃபர்ட் என்ற கடலோர ஊரில் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலை இருக்கிறது. குருணையையே தயாரிக்கும் ஆலை அது. அங்கே டயான் வில்சன் என்ற பெண், நான்கு தலைமுறையாக இறால் பிடிக்கும் குடும்பம். அவரும் கூட்டாளிகளும் படகிலும் கால்நடையாகவும் ஓடைக்கரையில் அலைந்து குருணைகளைப் பொறுக்கி, தேதி போட்டு, பையில் கட்டி வைத்தார்கள். ஒன்றல்ல இரண்டல்ல, 2,400-க்கும் மேற்பட்ட மாதிரிகள். 2017-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் நீதிபதி, அந்த ஆலை விதியைத் தொடர்ந்து மீறியது என்று தீர்ப்புச் சொன்னார். அதே ஆண்டு கம்பெனி 5 கோடி டாலர் தரவும், இனி ஒரு குருணைகூட வெளியே விடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் தனியே பணம் கட்ட வேண்டும். 2023-ல் டயான் வில்சனுக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது பயத்தை அல்ல. ஓர் இறால்காரப் பெண்ணும் சில கூட்டாளிகளும் வெறும் கையால் பொறுக்கி எண்ண முடிந்ததை, ஆலைக்குள்ளே இருந்த அத்தனை பொறியாளர்களும் சிந்தாமல் தடுத்திருக்க முடியும். அந்தப் பொறியாளர்களின் இடத்தில் இப்போது நீ இருக்கிறாய்.

இனி வேலைக்கு வருகிறேன். குருணை எங்கே சிந்துகிறது என்று முதலில் பார். லாரியிலிருந்து இறக்கும் இடம், மூட்டை அடுக்கும் இடம், மூட்டையைக் கத்தியால் கீறும் இடம், ஹாப்பரில் கொட்டும் இடம், உறிஞ்சு குழாயின் இணைப்பு, ரன்னர் கழிவை அரைக்கும் கிரைண்டர், தூசிப் பையைத் தட்டும் இடம். ஒவ்வொரு ஷிப்டிலும் இந்த ஏழு இடத்தையும் ஒரு சுற்று சுற்றிவா. ஒரு வாரத்தில் எது அதிகம் சிந்துகிறது என்று உனக்கே தெரியும். பெரும்பாலும் இரண்டு இடம்தான் முக்கால்வாசிக்குக் காரணமாக இருக்கும். அந்த இரண்டையும் சரிசெய்.

இணைப்புக்கு அடியில் ஒரு தட்டு வை. மூட்டை இறக்கும்போது கீழே தார்ப்பாய் விரி. ஃபோர்க்லிஃப்ட் முள்ளின் முனைக்கு உறை போடச் சொல். கிழிந்த மூட்டைக்கு ஒட்டும் நாடா அந்த இடத்திலேயே தொங்கட்டும். நாடாவைத் தேடி ஸ்டோருக்குப் போக வேண்டியிருந்தால் யாரும் ஒட்ட மாட்டார்கள். துடைப்பமும் முறமும் மூடியுள்ள டப்பாவும் அப்படித்தான், பத்து அடிக்குள் இருக்க வேண்டும். சிந்தியதை உடனே, உலர்ந்தபடியே கூட்ட வேண்டும். தண்ணீர் அடிக்காதே. ஏர் கன் வைத்து ஊதாதே. இரண்டும் குருணையை இடம் மாற்றுமே தவிர அகற்றாது. ஷூவின் அடியிலும் லாரி டயரின் பள்ளங்களிலும் ஒட்டிக்கொண்டு போவதும் உண்டு. அதற்காக வாசலில் ஒரு தடுப்பும் மிதியடியும் போடு.

வடிகால் மூடிக்குச் சல்லடை போட்டாகிவிட்டது, அது போதும் என்று சிலர் சொல்வார்கள். சல்லடை கட்டாயம் வேண்டும். கலிஃபோர்னியா மாநிலத்தில் 2007-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 1 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் துகள் எதுவும் ஆலையிலிருந்து மழைநீரோடு வெளியேறாதபடி தடுப்பு இருக்க வேண்டும். ஆனால் சல்லடையை நம்பித் தரையை விட்டுவிடாதே. நம் ஊர் அடைமழையில் இரண்டு வேப்பிலையும் ஒரு பாலிதீன் உறையும் போதும், சல்லடை அடைத்துக்கொள்ளும். முற்றத்தில் தண்ணீர் ஏறும். யாராவது ஒருவர் பதறிப்போய்ச் சல்லடையைத் தூக்கிவிடுவார். அதுவரை தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். மழைக்காலத்தில் சல்லடையைத் தினம் சுத்தம் செய்ய ஆள் பெயரை எழுதி ஒட்டு. "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

உன் படிப்பு உதவும் இடம் ஒன்றும் உண்டு. பாலி எத்திலீனும் பாலி புரோப்பிலீனும் மிதக்கும். மேல்நீரைத் தடுக்கும் பலகை ஒன்று வைத்தால் அவை சிக்கிவிடும். பெட், நைலான், ஏ.பி.எஸ்., பி.வி.சி. எல்லாம் மூழ்கும். பலகைக்கு அடியில் புகுந்து போய்விடும். அவற்றுக்கு வண்டல் தங்கும் குழி வேண்டும். உன் கம்பெனியில் என்ன மெட்டீரியல் ஓடுகிறது என்று பார்த்துத் தடுப்பை அமை. கிரைண்டரில் வரும் தூள் 1 மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கும். அதை அந்த 1 மில்லிமீட்டர் சல்லடை பிடிக்காது. அதற்குக் கூரையும் மூடிய அறையும் துடைப்பமும்தான் காவல்.

அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கமே 1991-ல் ஆபரேஷன் கிளீன் ஸ்வீப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. சுத்தமாகக் கூட்டு என்பதுதான் அதன் பெயரிலேயே இருக்கும் பாடம். விருப்பமுள்ளவர்கள் சேரும் ஏற்பாடு அது. விருப்பம் மட்டும் போதவில்லை என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் குருணைச் சிந்தலைத் தடுக்கத் தனி விதிமுறையே இயற்றியது. நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாசுப்பொருளை ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ தெரிந்தே விடவும் கூடாது, விட அனுமதிக்கவும் கூடாது என்கிறது. தெரிந்தே என்ற சொல்லைக் கவனி. அந்த ஐப்பசி மாதத்தில் நான் தெரியாதவனாக இருந்தேன். நீ இனி தெரிந்தவள்.

ஆட்களிடம் பேசும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துடைப்பம் பிடிப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த அக்காவாகவோ, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தம்பியாகவோ இருப்பார். அவர்களைத் திட்டி இந்த வேலை நடக்காது. சிந்தியதைச் சொல்பவருக்குத் திட்டு விழுந்தால், அடுத்த தடவை சிந்தியதை மறைப்பார்கள். மறைக்க எளிய வழி வடிகால்தான். ஆகவே சிந்தியதைச் சொன்னவருக்கு நன்றி சொல். முதல் வாரம் நீயே துடைப்பத்தை எடு. பொறுப்பாளர் குனிந்து கூட்டுவதைப் பார்த்த தரையில் பிறகு யாரும் தண்ணீர் ஹோஸைத் தேட மாட்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த வடிகால் ஆற்றில் சேரும் இடத்தைக் காட்டு. உத்தரவைவிடக் கண்ணால் பார்த்தது நிற்கும்.

முதலாளி கேட்டால் டப்பாவைக் காட்டு. தினமும் கூட்டிய மெட்டீரியலை எடை போட்டு ஒரு நோட்டில் எழுது. மாதம் முடிந்ததும் எடை குறைகிறதா என்று பார். குறைந்தால் சிந்துவது குறைகிறது என்று அர்த்தம், வடிகால் சல்லடையும் வெறுமையாக இருந்தால். சல்லடையில் குருணை கிடந்தால் அது சல்லடையின் வெற்றி இல்லை, தரையில் நாம் தோற்றதற்கான அத்தாட்சி. அந்த நோட்டு நாளை ஆய்வுக்கு வருகிறவருக்கும் பதில் சொல்லும். பளிச்சென்று கழுவிய முற்றத்தைவிட அது நேர்மையான பதில்.

மகளே, ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதம் வருவதற்குள் உன் களம் தயாராகட்டும். அதற்கு முன்னால் புரட்டாசியிலேயே ஒருநாள் ஒதுக்கி, முற்றத்தின் மூலை முடுக்கு, ரேக்கின் அடி, சுவரோரம், வடிகாலின் வாய் எல்லாவற்றையும் உலர்வாகக் கூட்டிவிடு. வருஷம் முழுக்கத் தேங்கியதை முதல் மழைதான் மொத்தமாக அடித்துக்கொண்டு போகும்.

நீ வார்க்கும் வாளியும் குடமும் நாலு வீட்டில் பயன்படட்டும். அதற்காக இறக்கிய மெட்டீரியல் அந்த வாளியாகவும் குடமாகவும் மட்டுமே கேட்டைத் தாண்டட்டும். வானம் இருண்டால் முதலில் முற்றத்துக்குப் போ. உன் கொள்ளுப்பாட்டி செய்ததைச் செய்.

அன்புடன்,
பெரியப்பா